மூச்சு வாங்கிய கொலைகாரன்

கொல்ல வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. சாக வேண்டியவளுக்கும் மூச்சு வாங்கியது. ஆகவே இருவரும் உட்கார்ந்தார்கள்.

மரவள்ளிக் காட்டு மேட்டில் அவள். இருபதடி கீழே ஒரு பாறைமேல் அவன். அவளுடைய இடது முழங்கையில் பிளந்த சதையிலிருந்து ரத்தம் விரல் வழியே சொட்டிக்கொண்டிருந்தது. அவன் மடியில் கொடுவாள். இருவரும் ஒரே மாதிரி முன்னால் குனிந்து, கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஆற்றுவதுபோல ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒரே டீச்சரிடம் கற்ற பாடம்.

"ஓடு," என்றான் குழந்தைசாமி. ஒரு ஊதல். "எவ்வளவு தூரம்..." இன்னொரு ஊதல். "ஓடிருவே?"

பாவாயி வாயைத் திறக்கவில்லை. பேச்சுக்கு ஒரு மூச்சு செலவாகும். அந்த ஒரு மூச்சில் நாலடி மேலே ஏறிவிடலாம்.

அரை மணி நேரத்துக்கு முன்புவரை இவன் அவளுக்குக் குழந்தைசாமியண்ணன்தான்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பிப்ரவரி மாதம். கொல்லிமலை திருப்புலி நாட்டில் மிளகு பறிப்பு மும்முரம். முள்ளுக்குறிச்சி மிளகு வியாபாரி அப்துல் நாசருக்கு மலைமேல் ஒரு குடோன் உண்டு. அவருடைய மகள் ஷாஹிஸ்தா கோயமுத்தூரில் பிசியோதெரபி படித்தவள். நெஞ்சு நோய்க்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன் என்று அவள் வந்து நின்றபோது நாசர் பாதிக் குடோனைக் காலி செய்து கொடுத்தார். அவரும் முப்பது வருஷம் பீடி குடித்து நுரையீரலைக் கரியாக்கியவர். ஆகவே முதல் மாணவரும் அவரே. சுவரோரம் மிளகு மூட்டைகள். நடுவில் பதினைந்து மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு, இரு முனையிலும் நாற்காலி. ஊர்க்காரர்கள் அதற்கு மூச்சுப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பாவாயி நாற்பத்தெட்டு வயதுக்காரி. ஜன்னல் இல்லாத ஊட்டில் ஈர விறகை ஊதி ஊதி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவள். குழந்தைசாமி இருபது வருஷம் கல் குவாரியில் சம்மட்டி அடித்தவன். அவன் நெஞ்சுக்குள் கல் தூள். ஆறு நிமிஷத்தில் அவள் நடக்கிற தூரம் இருநூற்று எண்பது மீட்டர். அவன் முந்நூற்று முப்பது. இந்த ஐம்பது மீட்டர் வித்தியாசத்தை அன்று காலைவரை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

வகுப்பில் ஒரு விதி உண்டு. நடக்கிறவர் பேசிக்கொண்டே நடக்கவேண்டும்.

"ஒண்ணு ரெண்டு எண்ணாதீங்கண்ணா," என்றாள் ஷாஹிஸ்தா. "பழகினது மூச்சில்லாமலே வரும். புதுசா யோசிச்சுப் பேசுங்க. பேச்சு அறுந்தா வேகத்தக் குறைங்க. அதான் உங்க அளவு."

குழந்தைசாமி நடந்தான். பாவாயி நாற்காலியில் உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு முறை வந்து திரும்பும்போதும் ஒரு மொச்சைக் கொட்டையை இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு மாற்றினாள். அதுதான் கணக்கு.

"அந்தக் காலத்துல நாங்க பன்னி வேட்டைக்குப் போவோமுங்க டீச்சரம்மா..."

"சாமி, அந்தப் பன்னி போன வாரமே செத்துருச்சு," என்றார் நாசர். "அதுக்கு மொத வாரமும் செத்துச்சு. வேற சரக்கு இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இருக்குதுங்க பாய், இல்லாம? ஒரு சட்டக் கதை சொல்றேன், கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன். புதுச் சட்ட, மஞ்சக் கலரு. காலருக்குள்ள இருக்கற அட்டைய எடுக்காமயே மாட்டிட்டு வந்துட்டான். கழுத்தத் திருப்ப முடியல பாத்துக்குங்க. பின்னால இருந்து கூப்புட்டா முழு ஒடம்பையும் சேத்துத் திருப்பறான், லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி!"

அவன் கழுத்தை விறைத்துக்கொண்டு திரும்பிக் காட்டினான். குடோனே குலுங்கியது. நாசர் சிரித்த சிரிப்பில் புரையேறி, இருமல் பிடித்து, கண் பிதுங்கிவிட்டது.

பாவாயி சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த டம்ளர் நழுவி மொச்சை தரையெல்லாம் உருண்டது.

அந்தச் சட்டையை வாங்கியவளே அவள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு விடியற்காலையில், அவளுடைய தம்பி மாணிக்கம் அவள் ஊட்டுக்கு வந்தான். பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த மஞ்சள் சட்டையைக் கொடுத்தாள். காலர் அட்டையைக்கூட எடுக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பினான். அப்புறம் அவனை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. ஆறு நாள் கழித்துப் பள்ளத்தில் பிணம் கிடைத்தது. கரடி குதறியிருந்தது. இடுப்பில் வேட்டி இருந்தது. சட்டை இல்லை. தலையின் பின்பக்கம் மட்டும் கரடி வேலை இல்லை, வெட்டு என்றார் டாக்டர்.

பலா மரத்து எல்லைத் தகராறில், "மாமா, உன்னை வெட்டாம உட மாட்டேன்" என்று நாலு பேர் முன்னால் கத்தியிருந்தான் பாவாயியின் மகன் யுவராஜ். அது போதாதா? இருபத்திரண்டு வயதில் உள்ளே போனான். வழக்கு நடந்து முடிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை நாமக்கல் கோர்ட்டில் தீர்ப்பு.

சட்டை விஷயத்தை அவள் வக்கீலிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "வாயைத் திறக்காதீங்கம்மா. கடைசியா அவர் வந்தது உங்க ஊட்டுக்குன்னு ஆயிரும். உங்க பையன் கழுத்துக்கு இன்னொரு முடிச்சு," என்றுவிட்டார் அவர்.

ஆக, மாணிக்கம் உயிரோடு இருந்த கடைசிக் காலையில் அவன் கழுத்தில் இருந்த அட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். கொடுத்தவள் ஒருத்தி. கொன்றவன் ஒருவன்.

"ஏம்புள்ள, கணக்கு உட்டுட்டியா?" என்றான் குழந்தைசாமி.

பாவாயிக்கு நாக்கு அடங்கவில்லை. "அது யாருங்ணா... அந்தச் சட்டக்காரன்?"

அவன் பேச்சு நின்றது. கால் மட்டும் நடந்தது. பார்வை அவள் முகத்தில் குத்தி நின்றது.

"பேச்சு அறுந்துருச்சு பாருங்க," என்றாள் ஷாஹிஸ்தா, ஒன்றும் அறியாமல். "வேகத்தக் குறைங்கண்ணா."

அடுத்த நிமிஷம் நாசருக்கு உதடு நீலமாகிவிட்டது. ஷாஹிஸ்தா பதறிப்போய் அப்பாவை ஜீப்பில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். வகுப்பு கலைந்தது. மரவள்ளிக் காட்டைத் தாண்டினால் மிளகுத் தோட்டம், அதையும் தாண்டினால் ரோடு. ரோட்டில் ஒரு டெலிபோன் பூத். வக்கீலுக்கு ஒரு போன். அவ்வளவுதான் பாவாயியின் திட்டம். குடோனுக்குப் பின்னால் போன ஒற்றையடிப் பாதையில் வேகமாக நடந்தாள்.

வேகமாக நடந்தது தப்பு. பாதி மரவள்ளிக் காட்டிலேயே நெஞ்சு அடைத்தது. நின்றாள். பின்னால் யாரோ ஊதுகிற சத்தம் கேட்டது.

திரும்பினாள். கொடுவாள் இறங்கியது.

கழுத்துக்கு வந்த வெட்டைக் கை வாங்கிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே சதை பிளந்தது. வலி வருவதற்கு முன்பே அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் கண்ணில் அடித்தாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கண்மண் தெரியாமல் வீசினான். மரவள்ளித் தண்டுகள் சடசடவென்று சாய்ந்தன. அவள் ஏறினாள். அவன் துரத்தினான். ஐம்பது அடியில் இருவருக்கும் மூச்சு முடிந்தது. அப்படித்தான் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் குழந்தைசாமி இப்போது, குரல் கொஞ்சம் தெளிந்து. "அந்தச் சட்ட?"

பாவாயி எழுந்தாள். இரண்டடிக்கு ஒரு மூச்சு உள்ளே. நாலடிக்கு ஒரு ஊதல் வெளியே. மேட்டில் அவசரப்படாதே, அவசரப்பட்டால் மேடு ஜெயிக்கும். டீச்சரம்மா சொன்னது. திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

பின்னால் அவனும் எழுந்தான். அவனிடம் ஐம்பது மீட்டர் அதிகம் இருந்தது. கோபமும் இருந்தது. தடதடவென்று ஏறினான்.

மிளகுத் தோட்டத்தின் முதல் மரத்தருகே அவளைப் பிடித்துவிட்டான்.

கொண்டையைப் பற்றி இழுத்தான். அவள் மல்லாக்க விழுந்தாள். முகத்தில் ஓர் உதை. பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்தியது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் வலது காலை அவள் நெஞ்சில் வைத்து மிதித்தான். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் சீட்டியடித்து வெளியேறியது.

இரண்டு கையாலும் கொடுவாளைத் தலைக்கு மேல் தூக்கினான்.

சம்மட்டிக்காரன் மூச்சைப் பிடித்துத்தான் தூக்குவான். மூச்சை விட்டால் அடியில் கனம் இருக்காது என்பது குவாரிப் பாடம். ஆறு வாரமாக ஷாஹிஸ்தா தலைகீழாக நின்று பார்த்தாள். "கம்பத் தூக்கும்போது ஊதுங்கண்ணா, அடக்காதீங்க, கண்ணு இருட்டும்." அவனோ, "கம்பத் தூக்கறதுக்கெல்லாம் ஊதுனா ஊரு சிரிக்குமுங்க டீச்சரம்மா" என்பான்.

முதல் வெட்டு அவள் காதோரம் மண்ணில் இறங்கியது. அவன் பிடுங்கினான். மறுபடி மூச்சை அடக்கித் தூக்கினான். இரண்டாவது வெட்டு அவள் தோளைச் சீவிக்கொண்டு வேரில் பாய்ந்தது. மூன்றாவது முறை தூக்கியபோது கை மேலேயே நின்றுவிட்டது. முழி சொருகியது. உதடு நாவல்பழ நிறத்துக்கு மாறியது. காலில் இருந்த கனம் தளர்ந்தது.

பாவாயி அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். அவன் மரத்தோடு மோதி நெற்றி உடைந்து சரிந்தான். கொடுவாள் தெறித்து விழுந்தது. அவள் நாலு காலில் தவழ்ந்து போய் அதை எடுத்தாள்.

இப்போது அவன் கழுத்து அவள் கைக்கெட்டும் தூரத்தில். தம்பியின் பின்மண்டை நினைவுக்கு வந்தது. ஒரே வெட்டு. கேட்பார் இல்லை.

ஓங்கினாள்.

அவன் தொண்டையில் கர்கர் என்று ஒரு சத்தம். கண் வெள்ளையாகிவிட்டது. வெட்டவே வேண்டாம், விட்டாலே இன்னும் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுவான். அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இவன் செத்தால் அந்த மஞ்சள் சட்டையும் செத்துவிடும். திங்கட்கிழமை யுவராஜுக்காகப் பேச ஒரு வாய்கூட மிஞ்சாது.

அவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தாள். முதுகில் முழங்காலால் ஒரு குத்து விட்டு முன்னால் குனிய வைத்தாள். அவன் கைகளை அவன் தொடையில் ஊன்ற வைத்தாள். கொடுவாளின் முனையைக் காதுக்குக் கீழே அழுத்தினாள்.

"ஊதுடா."

கர்கர்.

"உதட்டக் குவிடா நாயே! மூக்குல இழு! ஊது!" முனை சதைக்குள் இறங்கி ரத்தம் துளிர்த்தது. "இழு... ஊது. செத்துக்கித்துப் போனே, கொன்னுருவேன்!"

அவன் ஊதினான். இழுத்தான். ஊதினான். கொலை செய்ய வந்தவனுக்குப் பிழைக்கச் சொல்லிக்கொடுத்தபடி அவள் தன் மூச்சுக்காகத் தலையை நிமிர்த்தினாள்.

அப்போதுதான் பார்த்தாள். மிளகுக் கொடி படர்ந்த அடுத்த மரத்தில், பனிமூட்டத்துக்குள், இருபதடி உயரத்தில் இரண்டு பாதங்கள். அதற்கும் மேலே கண்ணாயியின் முகம். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறியவள், கீழே கொடுவாளைக் கண்டதும் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உறைந்திருந்தாள். அந்தப் பக்கத்து மரத்தில் அவள் புருஷன் கருப்பண்ணன். இன்னும் இரண்டு மரத்தில் இரண்டு பேர்.

குழந்தைசாமிக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவன் குனிந்துதான் இருப்பான். அவனுக்கு உலகம் என்பது தன் காலடி மண் மட்டுமே.

பாவாயி கண்ணாயியைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறந்தாள். அசையாதே.

"இப்பச் சொல்லு," என்றாள் சத்தமாக. "எந்தம்பிய எதுக்குடா கொன்னே?"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, ரத்தம் கலந்த சளியைத் துப்பினான்.

"சொன்னா... என்ன பண்ணுவே? உம்பையனுக்காவ நீ சொல்றேம்பாங்க... எவன் நம்புவான்?"

"நம்பாட்டி போறாங்க. நான் தெரிஞ்சுக்கறேன். சொல்லு."

"அவுட்டுக்காய்." ஒரு ஊதல். பன்றிக்குத் தீனியில் மறைத்து வைக்கிற நாட்டு வெடி அது. "நான் வெச்சத... அவன் கன்னுக்குட்டி கடிச்சுருச்சு. தாடை செதறிப் போச்சு. குவாரி வெடிமருந்துன்னு... கண்டுபுடிச்சுட்டான். போலீசுக்குப் போறேன்னு... புதுச் சட்டையப் போட்டுட்டுக் கெளம்பறான். வழியில கூப்புட்டேன். திரும்பறான்... திரும்பறான்... முழு ஒடம்பையும் சேத்துத் திரும்பறான்." அவன் தோள் குலுங்கியது. "அவன் திரும்பி முடிக்கறதுக்குள்ள போட்டுட்டேன்."

பாவாயி கொடுவாள் முனையை இன்னும் அழுத்தினாள்.

"சட்ட எங்கடா?"

"ரத்தம்... என் கைத்தடம் எல்லாம் அதுலதான். பழைய குவாரிக் குழியில, பம்பு ரூமுக்குப் பின்னால கல்லுக்கடியில கெடக்குது. போ... போயி எடுத்துட்டு வா பாக்கலாம்!"

பேசப் பேச அவனுக்குக் குரல் தெளிந்து வந்தது. அதை அவள் கவனித்திருக்க வேண்டும். அவள் ஊட்டிய மூச்சு அவனுக்குள் வேலை செய்துவிட்டது. சடாரென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு மளுக்கென்றது. கொடுவாள் விழுந்தது. மறு நொடி அவள் தொண்டை அவனுடைய இரண்டு கைக்குள். சம்மட்டி பிடித்த கட்டைவிரல்கள் குரல்வளையைத் தேடி அழுத்தின.

அவள் அவன் முகத்தைப் பிறாண்டினாள். நெற்றி வெட்டுக்குள் நகத்தை விட்டுக் கிழித்தாள். அவன் விடவில்லை. காது அடைத்தது. பார்வையின் ஓரங்கள் கறுத்தன.

மேலே இருந்து ஒரு கூச்சல். "அக்கா!"

இடுப்பில் கட்டியிருந்த மிளகு மூட்டையைக் கண்ணாயி அவிழ்த்து விட்டாள். இருபதடி உயரத்திலிருந்து பதினைந்து கிலோ பச்சை மிளகு அவன் பிடரியில் இறங்கியது. அவன் முகம் தரையில் மோதியது. எழப் பார்த்தான். கருப்பண்ணன் சரசரவென்று இறங்கி வந்து ஏணி மூங்கிலை அப்படியே சாய்த்து அவன் முழங்கையில் போட்டான். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். இறங்கி வந்த கண்ணாயியின் காலைக் குழந்தைசாமி கவ்விக் கடித்தான். அவள் மறு காலால் அவன் வாயிலேயே மிதித்தாள். நாலு பேரும் விழுந்து அமுக்கி, மூட்டை கட்டும் கயிற்றால் அவனை மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள்.

எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

முதலில் பேசியது குழந்தைசாமிதான். வாயெல்லாம் ரத்தம்.

"கருப்பண்ணா. உன் ஊடு... காட்டோரத்துல தனியா இருக்குது. ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நான் உள்ள போனாலும்... என் ஆளுங்க வெளிய இருப்பாங்க. நீங்க ஒண்ணும் கேக்கல. என்ன?"

கருப்பண்ணன் பெண்டாட்டியின் கையைப் பிடித்தான். "வாடி. போலீசு வந்து பாத்துக்கட்டும். கோர்ட்டு கீர்ட்டுன்னு நமக்கெதுக்கு வம்பு?"

மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

பாவாயி எழப் பார்த்தாள். முடியவில்லை. கெஞ்ச வேண்டும், காலில் விழ வேண்டும், என் பையன் உள்ளே கிடக்கிறான் கண்ணு என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் திறந்தால் காற்று மட்டும் வந்தது. நசுங்கிய தொண்டையில் ஒரு சொல் இல்லை. முன்னால் குனிந்து, கையைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதினாள். கண்ணீர் மூக்கு வழியே ஒழுகியது. இழுத்தாள். ஊதினாள். தலையை நிமிர்த்த முடியாததால் கண்ணாயியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. கடித்த இடத்திலிருந்து ரத்தம் குதிகாலுக்கு வழிந்துகொண்டிருந்தது.

அந்தப் பாதங்கள் அந்தப் பக்கம் திரும்பின. ரெண்டு அடி போயின.

நின்றன.

"கைய உடு," என்றாள் கண்ணாயி புருஷனிடம்.

"அடியே..."

"உடுங்கறேன். கன்னுக்குட்டி தாடை செதறிக் கெடந்தத நாந்தான் பாத்தேன். நம்ம சின்னப்புள்ள அன்னிக்கு அந்தப் பக்கந்தான் வெறகு பொறுக்கிட்டு இருந்தா. அவ எடுத்துருந்தா?"

கருப்பண்ணன் பிடித்த கை தானாகத் தளர்ந்தது.

கண்ணாயி திரும்பி வந்து பாவாயியின் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து வெட்டுப்பட்ட முழங்கையை இறுக்கிக் கட்டினாள். முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனக்கா, திங்கக்கெழமை நாமக்கல்லுக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"